மேட்டில் தூக்கிய தொப்பி

— ஹோலிஸ் சார், நான் கோபத்துல கேக்கல. காலையில அந்த மேட்டுல நின்னு தொப்பியத் தூக்கினது நீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.

— நான்தான் ஆல்ரிக். அதாவது, தூக்கினேன், நல்லா ஆட்டவும் செஞ்சேன். தப்பா?

— தம்பி, மனுஷன் லீவுக்குன்னு டிரினிடாட்லேர்ந்து கப்பலேறி டொபேகோ வந்திருக்கார். முதல்ல சாப்பிட விடு. சார், பொரிச்ச ரொட்டி ஆறினா நல்லாருக்காது, எடுத்துக்கங்க.

— சாப்பிடட்டும் அக்கா, நானா தட்டப் பிடுங்கறேன்? சார், வெயில் மண்டையைப் பொளந்தாலும் அந்த மேட்டுல இந்த ஊர்க்காரன் எவனும் தொப்பியக் கழட்ட மாட்டான். பாதிரியார் ஏறினாலும் தலையிலதான் இருக்கும். அங்க தொப்பி மேல போச்சுன்னா மீன் குடாவுக்குள்ள வந்தாச்சு, வலையப் போடுன்னு அர்த்தம். அத அக்கா வீட்டுக்காரர், என் மச்சான் எஸ்ரா ஒருத்தர்தான் தூக்கணும். அக்கா, வீட்டுல தங்க வச்சிருக்கியே, நீ சொல்லலையா இவருக்கு?

— பறவை பாக்க வந்தவர்கிட்ட தொப்பியப் பத்தி யாருடா சொல்லிட்டிருப்பா?

— அடடா. அப்ப நான் ஆட்டினதப் பாத்து நீங்க...

— போட்டுட்டோம். படகுல இருந்து பாத்தா எல்லாத் தலையும் ஒரே தலைதான்.

— மன்னிச்சிக்கங்க ஆல்ரிக். வலை வீணாப்போச்சா?

— வீணாவா? கீழ இறங்கிப் பாருங்க. கயிறு இழுக்க ஆள் பத்தல. தபால்காரர் பையை மரத்துல மாட்டிட்டு வந்து இழுத்தார். ரம் கடைக்காரன் கடையத் திறந்து போட்டுட்டு வந்துட்டான். உங்க சம்சாரமும் கேமராவக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு இழுத்தாங்க. கயிறு தொட்டவங்களுக்கெல்லாம் மீன் உண்டு சார், அவங்க பங்கு கரையில வாளியில இருக்கு.

— அப்புறம் எதுக்குடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?

— அதுதான் அக்கா கஷ்டம். கிறிஸ்துமஸ்லேர்ந்து மச்சான் தூக்கறப்பல்லாம் பாசியும் பிளாஸ்டிக் பாட்டிலும்தான் வருது. இன்னிக்கு ஊருக்குப் புதுசா ஒருத்தர் தூக்கினார், வலை கிழியற அளவு மீன். படகுப் பசங்க சும்மா இருப்பானுங்களா? கரையிலயே பேசி முடிச்சிட்டானுங்க. நாளையிலேர்ந்து மேட்டுக்கு வேற ஆளாம்.

— நீ என்ன சொன்னே?

— நான் என்ன சொல்ல? படகு என்னுது, வயிறு அவனுங்களுது.

— அந்த மேட்டையும் எடுத்துட்டா அவருக்கு என்னடா இருக்கு? ஊரே அவர மேட்டுக்காரர்னுதான் கூப்பிடுது. எழுந்தா போறதுக்கு அவருக்கு ஒரு இடம்னா அதுதான். வீட்டுல உக்காத்தி வச்சா ஒடிஞ்சு போயிடுவார்.

— எனக்கு மட்டும் அந்தக் கவலை இல்லையா? அதான் இவர்கிட்ட ஓடி வந்தேன். சார், மச்சானும் அங்க உங்க பக்கத்துலதான இருந்தார்? அவர்தான் தூக்கச் சொன்னார்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பசங்கள நான் அடக்கிடறேன்.

— அதாவது, அது அப்படி...

— ஆமான்னு சொல்லிடுங்க சார். இன்னும் கொஞ்சம் கொக்கோ ஊத்தவா?

— எனக்குப் பொய் வராது வெர்லின். என் மனைவி கேமராவோட கரையில நின்னா. போட்டோ எடுக்கற மாதிரி ஏதாவது வந்தா தொப்பியத் தூக்கறேன்னு சொல்லியிருந்தேன். கூழைக்கடா வந்துச்சு, கூட்டம் கூட்டமா. குடாவுக்குள்ள கல்லு மாதிரி தலைகீழா விழுந்துச்சு. இத்தனை வருஷமா பறவை பாக்கறேன், அப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்ல.

— கூழைக்கடா விழுந்துச்சா? அப்ப கீழ மீன் கொதிச்சிருக்கு. எங்களுக்குப் பாறை மறைச்சிருச்சு. சரி, அதப் பாத்துட்டு மச்சான் என்ன சொன்னார்?

— பாத்தீங்களான்னு கேட்டேன். ம், பாத்துட்டுத்தான் இருக்கேன்னார்.

— பாத்துட்டே இருந்தவர் ஏன் தூக்கல?

— சார், இன்னொரு துண்டு மீன் வைக்கறேன்.

— அக்கா, கரண்டியக் கீழ வை. அவர் சொல்லட்டும்.

— அதாவது, அவர் கடலப் பாக்கல ஆல்ரிக். தினமும் பக்கத்துல உக்காரறேன்ல? ஒருக்களிச்சு உக்காந்து இந்த வீட்டையே பாத்துட்டிருப்பார். திடீர்னு தொப்பியத் தூக்குவார். பெண்டாட்டிக்குத்தான் காட்டறார்னு நினைச்சேன். இந்த வயசுலயும் இப்படியான்னு நானும் என் மனைவியும் சிரிச்சுக்குவோம். அதப் பாத்துத்தான் நானும் தூக்கப் பழகினேன்.

— வீட்டுல என்ன இருக்கு பாக்க? அக்கா, நிமிர்ந்து என்னப் பாரு. மச்சானுக்குக் கண்ணு தெரியலையா?

— மசமசன்னு தெரியும். பெரிசா, வெள்ளையா எதாவது இருந்தா தூரத்துலயும் தெரியும்.

— எத்தனை நாளா?

— நாளாம். வருஷக்கணக்காடா.

— கதை விடாத. போன வருஷம் இந்தக் கரையிலயே நம்ம வலைக்குத்தான் மீன். அதுக்கு முந்தியும் அப்படித்தான். கண்ணு தெரியாதவர் எப்படி வலையப் போடச் சொன்னார்?

— என் சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்து பாத்தா குடா நேர் கீழ. ஒருநாள் மீன் கூட்டத்துல தண்ணி கறுத்துக்கிட்டு வருது, மேட்டுல இவரு அசையல. உதறிட்டிருந்த படுக்கை விரிப்ப அப்படியே கொடியில வீசினேன். தொப்பி மேல போச்சு. சாயங்காலம் வந்து அவரு ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. அன்னிலேர்ந்து அப்படித்தான்.

— அப்ப கிறிஸ்துமஸ்லேர்ந்து என்ன ஆச்சு?

— கிறிஸ்துமஸ்லேர்ந்து எல்லா ரூமும் நிறைஞ்சிருக்கே. விரிப்பத் துவைச்சுக் காயப் போடாம இருக்க முடியுமா? நான் போடறப்பல்லாம் அவரு தூக்கறாரு. இன்னிக்கு அடுப்புலயே நின்னுட்டேன், ஜன்னல் பக்கம் போகல.

— அடப்பாவமே. எங்க ரூம் துணியா நேத்து வலை போட்டுச்சு?

— சார், நீங்க சும்மா இருங்க. அக்கா, மீன் வந்தா மட்டும் சிவப்புப் போர்வையப் போடறேன்னு ஒரு வார்த்தை அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமே.

— எப்படிடா சொல்றது? சொன்னா, உங்களுக்குக் கண்ணு போயிடுச்சுன்னு எனக்குத் தெரியும்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடாதா? அவரா வாயத் திறக்கட்டும்னு இருந்தேன். தினம் தினம் நினைப்பேன், வாய் வராது.

— இப்ப பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

— அதாவது, ஆல்ரிக், வாசல்ல... யாரோ நிக்கறாங்க.

— மச்சான்! எப்ப வந்தீங்க?

— வந்து நேரமாச்சு ஆல்ரிக். சார் வீட்டம்மாவோட மீன் கரையிலயே கிடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். வெர்லின், வந்தவங்க விரிப்பெல்லாம் இனிமே வீட்டுக்குப் பின்பக்கம் காயப் போடு. எது மீன், எது துவைச்ச துணின்னு எனக்கு எப்படித் தெரியும்?