சந்தானம் ஏத்துக்கிட்ட இருமல்

கரண்ட் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன். கிட்ட வாங்க, மழைச் சத்தத்துல கேக்காது. ஒரே ஒரு கண்டிஷன். முடிக்கிற வரைக்கும் யாராவது இருமினாலோ தும்மினாலோ, உடனே "நான்தான்"னு சொல்லிடணும். எதுக்குன்னு போகப் போகத் தெரியும்.

நம்ம சிவராஜ் இருக்கான்ல... அவன் அக்கா கோமதியோட வீட்டுக்காரருக்கு நடந்தது. சந்தானம்னு பேரு.

ராத்திரி ஒரு மணி தாண்டியிருக்கும். கல்கத்தாவுல, கிடர்பூர்ல கப்பல் டாக் மதிலை ஒட்டியே போகும் பாருங்க ஒரு ரோடு... அதுல நாலு பேர் நடந்து போறாங்க. ஜனவரிப் பனி. ஒரு லாரி கூட இல்ல. கைவண்டிங்கள சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருக்கு. ஆத்துப் பக்கமிருந்து சேத்து வாடை... கூடவே நனைஞ்ச சணல் வாடை. நாலாவது ஆளா, கொஞ்சம் பின்தங்கி, மஃப்ளர் சுத்திக்கிட்டு வர்றவருதான் சந்தானம்.

எங்க போறாங்க? பேய் தேட.

சிரிக்காதீங்கப்பா. நிஜமாவே அப்படி குரூப் இருக்கு. ஞாயித்துக்கிழமை டீக்கடையில கூடுவாங்க, எந்த இடத்துல என்ன கேக்குதாம்னு பேசுவாங்க, பர்மிஷன் வாங்கிப் போய் உக்காருவாங்க. சில பேரு கிரிக்கெட் ஆடறாங்கல்ல, அந்த மாதிரி.

சந்தானத்துக்குப் பேய் மேல ஆசையெல்லாம் கிடையாது. மனுஷன் திருச்சிக்காரர். மாத்தல்ல கல்கத்தா வந்தாரு, டாக் ஆபீஸ் வேலைக்கு. பொண்ணு பிளஸ் டூ, அதனால கோமதி கூட வரல. கார்டன் ரீச் பக்கம் குவார்ட்டர்ஸ்ல தனி ஆளு. ஆபீஸ் விட்டா, அவர் வாயத் தொறக்க வேண்டிய அவசியமே இல்ல. மார்க்கெட்ல கை காட்டினா காய் குடுத்துடறான். சனி, ஞாயிறு பூரா பேசாமக் கிடந்துட்டு, திங்கக்கிழமை காலைல, குரல் இருக்கான்னு தொண்டையச் செருமிப் பாத்துட்டுத்தான் கிளம்புவாராம். ராத்திரி கோமதி போன் பண்ணுவா. அவ பேசுவா. இவரு "ம்... ம்..." அவ்வளவுதான். சொல்றதுக்கு என்ன இருக்கு?

இந்த ரூம்ல நாமளாவது அஞ்சு பேரு இருக்கோம்.

அப்பத்தான் மது வந்து மாட்டினான். பக்கத்து செக்‌ஷன். தாத்தா காலத்துலயே இங்க குடியேறின தமிழ்க் குடும்பம், ஆனா தமிழ் பாதி வழியில பெங்காலியா மாறிடும்.

"சந்தானம்தா, ரோபிபார், ஞாயித்துக்கிழமை என்ன செய்றீங்க? வீட்ல சும்மா போஷே, உக்காந்தே இருக்கறீங்களா? எங்க குரூப்புக்கு வாங்க. பூத் தேடறோம்."

"பேயா? எனக்கு பயம்ப்பா."

"பயம் இருந்தாத்தானே மஜா! டீ உண்டு, சிங்காரா, அதான் சமோசா, உண்டு. பூத்துக்குத்தான் கேரண்டி இல்ல."

போனாரு. சிங்காராவுக்காக இல்ல. ஒரு டீக்கடை பெஞ்சில நாலு பேரு தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நகந்து இடம் விடறாங்களே... அதுக்காக.

தலைவர் ரஞ்சன்தா. பேருக்குப் பின்னாடி "தா"ன்னா அண்ணன். பேங்க்ல ரிட்டயர் ஆனவர். மங்கி குல்லாவ மாட்டினா மார்ச் மாசம்தான் கழட்டுவாரு. அப்புறம் அனன்யான்னு ஒரு காலேஜ் பொண்ணு. அவங்க வேலை இதுதான்: இருட்டுல வட்டமா உக்காந்து, நடுவுல ரெக்கார்டர வச்சு, "யாராவது இருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டு, மூச்சு விடாம இருக்கறது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேக்கறப்ப, நம்ம காதுல விழாதது அதுல விழுந்திருக்கான்னு பாக்கறது.

இதுல ஒரு கறாரான ரூல். நீங்க ஏதாவது சத்தம் பண்ணிட்டா அப்பவே சொல்லிடணும். செருப்பு உரசினா, "ஆமி." வயிறு கத்தினா, "வயிறு, ஆமி." பெங்காலில "நான்"னு அர்த்தம். இல்லேன்னா அப்புறம் கேக்கறப்ப எது மனுஷன், எது மத்ததுன்னு தெரியாது, ராத்திரி பூரா பண்ணினது வீண். சந்தானத்துக்கு அவசரத்துல "ஆமி" வராது, தமிழ்தான் வரும். மொத தடவை தும்மிட்டு "நான்தான்!"னாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அன்னைலேர்ந்து அவரைப் பாத்தாலே, "ஆரே, நான்தான் வந்தாச்சு!"ன்னுவாரு ரஞ்சன்தா. அதுல இவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனா முன்னாடி ஒருத்தன் சத்தம் பண்ணிட்டு, நான் இல்லன்னு சாதிச்சானாம். மறுநாளே குரூப்ல அவன் பேரு இல்ல. இதையும் மதுதான் சொல்லி வச்சிருந்தான்.

சரி... அந்த ராத்திரிக்கு வர்றேன்.

டாக் மதிலுக்கு உள்பக்கம், யாரும் தொறக்காத ஒரு சணல் கோடவுன். வாச்மேன் பூட்டைத் தொறந்து விட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டான். உள்ள வெளிய விட குளிரு. சந்தானம் செவுத்துக்கு முதுகு குடுத்து உக்காந்தாரு. டார்ச்செல்லாம் அணைச்சாச்சு. ரஞ்சன்தா மெதுவா கேட்டாரு, யாராவது இருக்கீங்களான்னு.

ஒண்ணுமில்ல... எங்கயோ தண்ணி சொட்டறது...

அப்புறம் ஒரு இருமல்.

வறட்டு இருமல். ஒண்ணே ஒண்ணு. மொதல்ல தொண்டையச் செருமி, அப்புறம் சின்னதா ஒரு இருமல்... ரொம்ப நாளாப் பேசாதவன் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி செய்வான் பாருங்க, அது. சந்தானத்தோட இடது காதுக்குப் பின்னாடி. பின்னாடி செவுருதான் இருக்கு.

"கே?"ன்னாரு ரஞ்சன்தா. யாருன்னு.



"கே காஷ்லோ? யாரு இருமினது, சொல்லுங்க!" டார்ச் எரிஞ்சுது. வெளிச்சம் மது மேல, அனன்யா மேல... கடைசில சந்தானம் மூஞ்சிலயே நின்னுடுச்சு. சத்தம் வந்தது இவரு பக்கம்தானே. எல்லாரும் இவரையே பாக்கறாங்க.

நான் இல்லன்னா யாரு நம்புவா? நாளைக்கு குரூப்ல பேரு இருக்காது. அந்த பெஞ்சு இருக்காது. ஞாயித்துக்கிழமை மறுபடி செவுரு. இதெல்லாம் ஒரு நொடில ஓடுச்சு அவருக்கு.

"நான்தான்"னாரு. "சாரி."

"டீக் ஆச்சே, பரவாயில்ல." டார்ச் அணைஞ்சுது.

பேயத் தேடி அலைஞ்சவங்களுக்கு நிஜமாவே ஒண்ணு வந்து குரல் குடுத்தப்ப... நான்தான்னு வாங்கிக்கிட்டாரு மனுஷன்.

...யாரது இருமினது? சேஷாத்ரியா? சொல்லணும்ல! ம். சரி.

மறுநாள் ராத்திரி, குவார்ட்டர்ஸ். கிச்சன் லைட்ட அணைச்சுட்டு வந்து படுத்தாரு. கிச்சன்ல செருமல்... அப்புறம் இருமல். அதே வறட்டு இருமல்.

விடியற வரைக்கும் லைட்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அதுக்கடுத்த ராத்திரியும் வந்துது. கோமதி போன்ல இருக்கறப்ப வந்துது. "என்னங்க, சளி புடிச்சிருக்கா?" என்ன சொல்லுவாரு? "ஆமா, நான்தான்." அப்புறம் அதுவே பழக்கமாப் போச்சு. அது இரும, இவரு இருட்டப் பாத்து "நான்தான்"னுவாரு. சொன்னா அடங்கிடும். அசிங்கமா இருக்கும் சொல்றதுக்கு... சில நாள் அது வர லேட்டானா, காதத் தீட்டிக்கிட்டுக் காத்திருப்பாராம்.

ஒரு நாள் படுத்திருக்கறப்ப, இருமல் கட்டில் பக்கத்துலயே. மூச்சு இவர் கன்னத்துல படுது. சணல் வாடை.

போதும்னு முடிவு பண்ணாரு. வாங்கினதத் திருப்பிக் குடுத்துடணும். அந்த ஞாயித்துக்கிழமை, டீக்கடையில எல்லார் முன்னாடியும் சொன்னாரு. "அன்னைக்கு கோடவுன்ல இருமினது நான் இல்ல."

ரஞ்சன்தா மண் கப்ப பெஞ்சுல வச்சாரு. கத்தல. கத்தியிருந்தாத் தேவலாம்.

"வேலைல இருந்த காலத்துலேர்ந்து தேடறேன். எத்தனை ராத்திரி. வீட்ல திட்டு, பசங்க கேலி. ஒரு தடவை கூட வரல. ஒரே ஒரு தடவை வந்துது..." மூச்சு வாங்குது அவருக்கு. "அத நீங்க எடுத்துக்கிட்டீங்க."

வெளிய வந்தப்ப மது கேட்டான், "ஒரு வார்த்தை, நான் இல்லன்னு சொல்லியிருக்கலாமே சந்தானம்தா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

மது பஸ் வருதான்னு பாத்தான்.

வீடு வந்து சேர்றதுக்குள்ள குரூப்லேர்ந்து பேர எடுத்தாச்சு. கதவத் தொறந்தாரு, நேரா கிச்சனுக்குப் போனாரு. "அது நான் இல்ல. நீதான். போ."

போயிடுச்சுங்க. அன்னைக்கு இருமல் இல்ல. மறுநாளும் இல்ல. ஃப்ரிட்ஜ் ஓடற சத்தம் மட்டும். அப்படி ஒரு அமைதி... மது போன் எடுக்கறதில்ல. ஆபீஸ்ல பாத்தாலும் ஃபைலத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடறான். பேயும் இல்ல, மனுஷனும் இல்ல. முந்தியாவது அது ஒண்ணு இருந்துது.

பனி கடைசில அவருக்கே ஒத்துக்காமப் போச்சு. நெஞ்சு பூரா சளி. ஒரு ராத்திரி, ஸ்பீக்கர்ல போட்டு கோமதி பேசிட்டிருக்கா. இவருக்கு இருமல் வந்துது. அந்த வறட்டு இருமல் இல்ல... சொந்த இருமல், சளி கட்டின இருமல். கோமதிகிட்ட ஏதோ சொல்லணும்னு வாயத் தொறக்கறாரு...

கிச்சன் இருட்டுலேர்ந்து, அச்சு அசலா இவரோட குரல்ல:

"நான்தான்."

"மறுபடி இருமலா? கஷாயம் போட்டுக் குடிங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

அது நான் இல்லடீன்னு கத்தப் பாத்தாரு. வெறும் காத்துதான் வந்துது. சத்தமே இல்ல.

"ம்"னுச்சு கிச்சன்.

கோமதி பொண்ணோட டியூஷன் பத்திப் பேச ஆரம்பிச்சா. "ம்... ம்..." போன் இவரு கையில. இவரு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

இதெல்லாம் அவரே சிவராஜுக்கு டைப் பண்ணி அனுப்பினது. பேசல. கடைசியா இப்படி எழுதியிருந்தாரு: "போன் மட்டும் பண்ணாத மாப்ள."

சிவராஜ் பயந்து போய் அக்காகிட்டக் கேட்டான். "மாமா நல்லா இருக்காரா?"

"ஏன்டா, நல்லாத்தான் இருக்காரு. முன்னெல்லாம் வெறும் 'ம்'தான. இப்ப என்னமா பேசறாரு தெரியுமா! எல்லாரையும் பேர் சொல்லி விசாரிக்கறாரு. நேத்துகூட உன்னக் கேட்டாரு."

அப்புறம் சிவராஜ் போன் பண்ணிட்டான். மனசு கேக்கல.

மொத ரிங்லயே எடுத்தாச்சு. யாரும் பேசல. தூரத்துல... ரொம்ப தூரத்துல, வேற ரூம்லேர்ந்து மாதிரி, ஒரு இருமல். சளி கட்டின இருமல். திருப்பித் திருப்பி, கூப்பிடற மாதிரி.

அப்புறம் போன் பக்கத்துல, காதோரமா, யாரோ மரியாதையா தொண்டையச் செருமிக்கிட்டாங்க.

"நான்தான்."