மூன்று விரல் உயரம்

உங்கள் அறை நாற்காலி வசதியாக இருக்கிறது, ஐயா. அலுவலக நாற்காலிகளில் உட்கார்ந்தால் பெரும்பாலும் என் கால் எட்டாமல் தொங்கும். இதில் பெருவிரல் தரையில் படுகிறது. தேநீருக்கும் நன்றி. நிதானமாகவே சொல்கிறேன். அவசரப்பட்டால் நல்ல இடங்களெல்லாம் விட்டுப்போகும்.

என் பிக்கப்புக்குப் பத்தொன்பது வயது. பண்ணையிலிருந்து பூச்செடிகளை ஏற்றிக் கடைகடையாக இறக்குவது என் பிழைப்பு. வண்டி கிழடுதான், ஆனால் சொன்ன பேச்சு கேட்கும். நாலு மாதத்துக்கு முன்னால் மாமனார் வீட்டு வாசலில் அதை நிறுத்திவிட்டு இறங்கினேன். என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவன், படியில் நின்றுகொண்டிருந்தான். வண்டியைச் சுற்றி வந்து தட்டிக்கொடுத்தான்.

“வண்டி அழகா இருக்கு அண்ணா. கொஞ்சம் குள்ளம், அவ்வளவுதான்.”

மாமனார் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அவள் சிரித்ததை நான் பொருட்படுத்தவில்லை. நிறுத்தினாளே, அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

சகலையைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆறடி ஆள். மரச்சாமான் கடை வைத்திருக்கிறான். யாருக்கு எது என்றாலும் முதலில் ஓடி வருவான். அவன் வருவதற்கு முன் நாலு வருஷம் அந்த வீட்டுக்கு நான் ஒருவன்தான் மாப்பிள்ளை. பல்பு போய்விட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டூல் போட்டு ஏறி மாற்றிக் கொடுப்பேன். மாமியார் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். சகலை வந்த முதல் வாரமே கூடத்து பல்பை நின்ற வாக்கில் கையை நீட்டிக் கழற்றினான். அந்த ஸ்டூல் மொட்டை மாடிக்குப் போய்விட்டது. இப்போது அதன் மேல் வடகம் காய்கிறதோ என்னவோ, நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆக, டயர் மாற்றினேன். கடைவீதி டயர்காரர் முதலில் தலையை ஆட்டினார். இந்த வண்டிக்கு இவ்வளவு பெரிய டயர் சரிப்படாது என்றார். நான் விடவில்லை. கடைசியில் சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்கி, பிளாஸ்டிக்கை அறுத்து, ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டு மாட்டிக் கொடுத்தார். வண்டி மூன்று விரல் உயர்ந்திருந்தது. மூன்றே விரல்தான். ஆனால் ஏறி உட்கார்ந்து தெருவுக்கு வந்தேன் பாருங்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

எத்தனை வருஷமாகப் போய்வந்த தெரு. மதில்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. தையற்காரர் வீட்டு முற்றத்தில் ஒரு அம்மாள் பூனைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். எனக்கு எப்போதும் அறிவுரை சொல்லும் மருந்துக்கடைக்காரருக்கு உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வழுக்கை. அதைப் பார்ப்பதற்காகவே அந்தத் தெருவை மூன்று சுற்றுச் சுற்றினேன். தனியாக உட்கார்ந்து சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வீட்டுக்கு வந்து இறங்கும்போது தரை எங்கே என்று காலால் துழாவ வேண்டியிருந்தது. அதுவும் சுகம்தான்.

டயர்காரர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, பெரிய சக்கரம் என்பதால் முள் அறுபது காட்டினால் வண்டி உண்மையில் எழுபதை ஒட்டிப் போகும். இரண்டாவதை என்னைக் குனிய வைத்தே காட்டினார்.

“ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சீங்கன்னா டயர் இந்த ரப்பர் குழாயை உரசுது பாருங்க. பிரேக் ஆயில் இதுலதான் போகுது. ஒரு கிளிப் போட்டு இழுத்துக் கட்டணும். வரச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் முழுசா ஒடிக்காதீங்க.”

நான் ஒடிக்கவில்லை. என் பாதையில் ஒடிக்க வேண்டிய இடமும் இல்லை. இரண்டு நாளில் கிளிப் வந்தது. போய் வாங்கிக்கொண்டேன். நானே மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் மேசையில் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேனே, அதுதான். கால் மணி நேர வேலை.

அன்று மாலையே சகலை வந்தான். அவன் கடை வண்டி என்ஜின் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது, ஒரு வாரத்துக்கு உங்கள் வண்டி கிடைக்குமா என்று கேட்டான். அவன் கிடங்கு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முட்டுச்சந்தில், இடுங்கிய கேட்டுக்குள். உள்ளே போக ஒரு முழு ஒடிப்பு, வெளியே வர ஒரு முழு ஒடிப்பு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இருக்கும்.

கிளிப்பைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஐயா. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் அவன் ஏறி உட்கார்ந்து, சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளிக் காலை நீட்டினான்.

“இப்பதான் அண்ணா வண்டி ஆளுக்கேத்த உயரத்துல இருக்கு” என்றான்.

வாயை மூடிக்கொண்டேன். பத்திரமாகப் போய்வா என்று மட்டும் சொன்னேன். அதை மனசாரத்தான் சொன்னேன்.

தினமும் ஆறு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து விடுவான். கண்ணாடியெல்லாம் துடைத்துத்தான் விடுவான், அவன் சுபாவம் அப்படி. அவன் தலை மறைந்ததும் நான் வாசலில் கோணிச்சாக்கை விரித்துப் படுத்துக் குழாயைப் பார்ப்பேன். முதல் நாள் ரப்பரின் பளபளப்பு மட்டும் போயிருந்தது. இரண்டாம் நாள் நகத்தால் கீறினாற்போல் ஒரு கோடு. மூன்றாம் நாள் உள்ளே பின்னியிருக்கும் நூல் வெள்ளையாகத் தெரிந்தது. விதை போட்ட குழந்தை தினமும் மண்ணைக் கிளறிப் பார்க்குமே, அந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. மதியம் மூன்று மணிக்கே மனசு துள்ள ஆரம்பித்துவிடும். அந்த வாரம் பண்ணை வண்டியில்தான் செடி ஏற்றி இறக்கினேன், வேலையெல்லாம் சிட்டாய்ப் பறந்தது. வாரத்துக்கு ஒரு பாட்டு முணுமுணுக்காதவன், குளிக்கும்போது தொண்டை கிழியப் பாடினேன். என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். புது டயர் போட்டதிலிருந்து ஆளே மாறிவிட்டீர்கள் என்றாள். அந்த வாரம் நாங்கள் இருவரும் சிரித்த மாதிரி கல்யாணமான புதிதில்கூடச் சிரித்ததில்லை. அதற்காக அந்த வாரத்தை நான் குறை சொல்ல முடியாது.

நான்காம் நாள் அந்த நூலில் ஈரம் கசிந்திருந்தது. எண்ணெய் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும், அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் காலையில் அவன் வருவதற்குள் பிரேக் ஆயிலை அளவுக்கு நிரப்பி வைத்தேன். ஐந்தாம் நாளும் நிரப்பினேன். அன்று குழாயில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கொப்புளம் வந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது.

ஆறாம் நாள் காலையில் அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பினோம். நாலு அலமாரி ஏற்றிக்கொண்டு சந்தை மேட்டிலிருந்து இறங்கியிருக்கிறான். வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபோது குழாய் வெடித்து, பெடல் அடிப்பலகை வரைக்கும் போய்விட்டது. பழைய வண்டி, பின் பிரேக் பேருக்குத்தான் இருக்கும். வளைவில் குடை விரித்துச் செருப்புத் தைக்கிறவர் உட்கார்ந்திருந்தார். அவரை எனக்குப் பழக்கமில்லை. அதற்கு முந்தின மாதம் என் செருப்புக்கு வார் வைத்துக் கொடுத்தார், நன்றாகத்தான் வைத்திருந்தார். வண்டி அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் நின்றது. சகலைக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

செய்தி வந்தபோது நான் ரோஜாச் செடிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் மூன்று வாரமும் நான்தான் கூட இருந்தேன், நர்ஸைக் கேட்டுப் பாருங்கள். கஞ்சி ஊட்டினேன். முதுகு துடைத்துவிட்டேன். படுக்கையில் கிடந்தால் ஆறடி ஆளும் என் இடுப்பு உயரம்தான். அவனை அப்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எல்லாம் அதோடு முடிந்திருக்கலாம், ஐயா. நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

ஆனால் அவன் பேச ஆரம்பித்தான். உங்கள் ஸ்டேஷன் ஏட்டு விசாரிக்க வந்தபோது, முள் ஐம்பதுதான் காட்டியது என்று முதலில் சொன்னவன், கொஞ்சம் யோசித்து மாற்றிச் சொன்னான்.

“இல்ல சார், பாரத்தோட நான்தான் வேகமா வந்திருக்கணும், அதான் பிரேக் தாங்கலை. அண்ணா வண்டியில ஒரு குறையும் இல்லை. அதை அவர் பிள்ளை மாதிரி பார்த்துப்பார். தப்பு முழுக்க என்னோடது.”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டியைப் பாழாக்கிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று அழுதான். நானும் அழுதேன்.

அதற்கப்புறம் செருப்புத் தைப்பவரின் மனைவியை வரச்சொன்னான். கட்டிலில் எழுந்து உட்கார முடியாமல் உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டான். ஜெயிலுக்குப் போனாலும் போவேன், உங்கள் பிள்ளைகளை என் பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்வேன் என்றான். அந்த அம்மாள் அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். அவன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள். வார்டே கண்ணைத் துடைத்துக்கொண்டது. மாமனார் வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்.

“கால் போச்சு. ஆனா மனுஷன் இன்னும் ஒசந்துட்டான் பாருங்க.”

வீட்டுக்குத் திரும்பும்போது என் மனைவி வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். இப்படி ஒரு பழியைத் தானே ஏற்றுக்கொள்ள யாருக்கு மனசு வரும் என்றாள். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனசாட்சி என்பது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காலையில் எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் மனசு அவ்வளவு இலேசாக இருந்தது. டயர் போட்ட அன்றைக்கு இருந்ததைவிட இலேசு.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். கிளிப்பை மாட்டாமல் சட்டைப் பையில் வைத்திருந்தது நான். குழாய் தேய்வதைத் தினமும் பார்த்தது நான். அவனுக்குத் தெரியக்கூடாது என்று எண்ணெய் நிரப்பியது நான். அந்த மனிதர் செத்ததும் இவன் கால் போனதும் என்னால்தான். எனக்கு அவன் மேல் பொறாமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஐயா. நியாயம் என்று ஒன்று இருக்கிறது. இது முழுக்க முழுக்க என் கையால் ஆனது. இதில் அவனுக்கு இத்தனூண்டு பங்குகூடக் கிடையாது என்பதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில், மாமனார் கண்ணில் படுகிற மாதிரி எழுதுங்கள்.