மேஜருக்கு உப்பு ஆவாது

பயப்படாதக்கா, சங்கிலியிலதான் கெடக்குது. புது ஆளப் பாத்தா கொஞ்ச நேரம் குலைக்கும், அப்பறம் அதுக்கே அலுத்துப் பூடும். இந்தப் பக்கமா வா. இந்தப் பலகையில குந்து. முந்தானைய நல்லா சொருவிக்க, தணல் பக்கத்துலயே இருக்குது.

பெரிய வேல ஒண்ணும் இல்ல அம்மாக்கண்ணுக்கா. மாவு பெசையணும், வில்லை வில்லையா தட்டணும், அவ்ளோதான். எனக்கு இருக்கறது ரெண்டு கை. தணலப் பாப்பனா, மாவப் பாப்பனா? மேஸ்திரிகிட்ட சொல்லிட்டுத்தான் உன்ன இட்டாந்தேன். களத்து வெயில்ல குந்திக்கினு மல்லாட்டைக் கடலை பொறுக்கறதுக்கு இது எவ்ளவோ தேவல, இல்ல?

யாருக்குன்னா கேக்கற? தோ, அந்தத் தொரைக்குத்தான். சிரி, சிரி. மனுசனுக்குக் கூழு கெடைக்கல, எண்ண மில்லுல நாய்க்கு பிஸ்கோத்து சுடறாங்கன்னு செஞ்சி ஊரே சிரிக்குது. நானும் மொதல்ல சிரிச்சவதான்.

இது கேவுரு மாவு. இது மல்லாட்டை, வறுத்து தோலு ஊதி இடிச்சது. இது பரங்கிக்கா, வேவ வெச்சி மசிச்சிட்டேன். ஒரு முட்டைய ஒடச்சி ஊத்து. அந்தக் கிண்ணத்துல ஆட்டு ஈரலு, அம்மியில வெச்சி அரைச்சது. பச்சத் தண்ணி வேணாம், ஈரலு வெந்த தண்ணியே போதும். ஐயோ, அந்த உப்பு மரவைய கீழ வெய்! உப்பு ஒரு கல்லு கூட போடக் கூடாது. மேஜருக்கு உப்பு ஆவாது. வெல்லமும் ஆவாது, வெங்காயமும் ஆவாது. மேஜருன்னா அதோட பேருக்கா, பட்டாளத்துலேர்ந்து வந்ததாச்சே. கரண்டி எதுக்கு? உள்ளங்கையால அழுத்திப் பெசை. ஆங், அப்டித்தான்.

இதுக்கு முந்தி இங்க ஒரு நாட்டு நாய் இருந்துச்சி. திருட்டுப் பசங்க கறியில வெஷம் வெச்சி அதக் கொன்னுட்டு, மூட்ட மூட்டையா மல்லாட்டை அடிச்சிக்கினு போய்ட்டானுங்க. சீனாக்காரன் சண்ட முடிஞ்சதும் முதலாளியோட மச்சான் பட்டாளத்துலேர்ந்து லீவுல வந்தாரு, கூடவே இந்த சீமை நாயும் வந்துச்சி. அவரு அதுக்குப் பழக்கினது ஒண்ணே ஒண்ணுதான். ஒருத்தர் கையிலதான் துன்னணும். வேற யார்னா கறித்துண்ட நீட்டுவாங்க, இது ஆசையா வாய வெக்கும், பிரம்பால ஒரு போடு போடுவாரு. கத்தும் பாரு, கேக்க முடியாது. அடிபட்டு அடிபட்டு கத்துக்கிச்சி. அந்த ஒரு கை யாரு கைன்னு பேச்சு வந்துச்சி. லாரி டிரைவரு பொண்டாட்டி ராஜாம்பா இங்கயே கோட்ரஸ்ல சும்மாதான கெடக்கறா, அவ கைன்னுட்டாங்க.

அப்போ பிஸ்கோத்து எல்லாம் இல்ல. ரொட்டிக்கட ஜான் பாஷா பாயிகிட்ட பொறை வாங்கியாந்து குடுப்பாங்க, முதலாளி வூட்டுக் கறிக்கொழம்புல மிச்சம் மீதி குடுப்பாங்க, நான் வெப்பேன். கொஞ்ச நாள்ல முதுவுல முடி கொட்டி சொறி புடிச்சி, பாக்கவே சகிக்கல. மாட்டு டாக்டரு வந்தாரு. உப்பு, காரம், சக்கர மூணையும் நிறுத்துங்க, கேவுரும் ஈரலும் போட்டு வூட்லயே சுட்டுக் குடுங்கன்னுட்டுப் போய்ட்டாரு. எப்டி சுடறது? பாயிகிட்டயே போயி கேட்டேன். சட்டியில மணலக் கொட்டு, அது மேல தட்ட வெய்யி, மூடி மேலயும் தணலப் போடும்மான்னாரு. அதான் இந்த சட்டி. மொதல் தடவ கரியாப் போச்சி. அதையும் துன்னுச்சி, பாவம்.

அப்பறம் முடி மொளச்சி, தோலு மினுமினுன்னு ஆயி, ஆளே மாறிப் போச்சி. முதலாளி எல்லாரையும் கூப்ட்டு, ராஜாம்பா கைதாண்டா கையின்னாரு. எனக்கு அப்டியே குளுந்து போச்சிக்கா. ருசி கூட்டி கூட்டி செஞ்சேன். செஞ்சி செஞ்சி, எங்கைய தவிர வேற எதையும் மோந்து கூட பாக்காதுன்னு ஆக்கிட்டேன். எனக்கு நானே சங்கிலி போட்டுக்கினேன், வேற இன்னா சொல்றது?

மெல்லிசா தட்டாத, தீஞ்சிடும். ஆங், அந்த தடிமன் போதும்.

எங்கம்மா செத்துச்சே மண்டகப்பட்டுல, உனக்குத் தெரியுமில்ல? எடுத்துட்டு வந்து அழுது ஓயல, மறுநாள் பால் தெளிக்கப் போவணும், வாசல்ல ஜீப்பு வந்து நிக்குது. மேஜரு பட்டினியாம், கேட்டுக்காரன் வீராசாமி கையக் கடிச்சிட்டுதாம், ஒடனே வரணுமாம். சாதிசனமெல்லாம் பாக்குது. நாய்க்கு ஆக்கிப் போட சாவு வூட்லேர்ந்து பொம்பளய ஏத்திக்கினு போறாங்கடின்னு எங்கண்ணி சொன்னா. ஏறாம இருந்திருக்கலாம்தான். எம் வூட்டுக்காரரு ஓட்டற லாரி யாருது? நாங்க படுக்கற எடம் யாருது? ஏறிட்டேன். எங்கம்மாக்கு பால் தெளிச்சப்ப நான் இங்க குந்தி ஈரல் அரைச்சிக்கினு இருந்தேன்.

அதோ ராஜகிரி மல தெரியுதா? மெட்ராசுலேர்ந்தெல்லாம் ஆளுங்க பஸ்சு புடிச்சி வந்து கோட்டைய ஏறிப் பாத்துட்டுப் போறாங்க. நான் தெனம் இங்கேர்ந்து பாக்கறதோட சரி. அடிவாரத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அதுக்குப் பசிச்சிட்டா?

அது கெடக்கட்டும். எம் பொண்ணு அமிர்தவல்லிய தொண்டூர்ல குடுத்திருக்குது இல்ல, மாசம் ஏறிப் போச்சிக்கா. வளையல் போட்டு நான்தான இட்டாரணும்? தலப்பிரசவம் தாய் வூட்லதான? இங்க எப்டி இட்டார்றது, கோட்ரசு வாசல்லயே இது கெடக்குது, மாசமா இருக்கறவ மேல பாய்ஞ்சா இன்னா ஆவறது? அண்ணன் வூட்ல வெச்சிப் பாத்துக்கறேன், கொஞ்ச நாளு உடுங்க சாமின்னு முதலாளி கால்ல உழுந்தேன். மேஜரு யார் கையில துன்னும் ராஜாம்பான்னாரு. கோவமா கூட இல்ல, சிரிச்சிக்கினே கேக்கறாரு. அங்க அவ மாமியாக்காரி, உங்கம்மாக்கு நாய்தாண்டி பொண்ணுன்னு குத்திக் காட்டறாளாம். பஸ்சு சத்தம் கேட்டா புள்ள வாசல்ல வந்து நிக்கறாளாம். எனக்கு வயிறு எரியுதுக்கா.

வாசன வந்துடுச்சி. துணிய வெச்சி மூடியத் தூக்கு, தணல் கொட்டிடப் போவுது. ஒண்ண எடுத்து ஒடச்சிப் பாரு. படக்குன்னு ஒடயணும். பலே, எனக்கு மொதல் தடவ இப்டி வரல.

ஆறிடுச்சா? ஒண்ணு எடுத்துக்கினு வா, நீயே நீட்டு. அட, சும்மா வெளையாட்டுக்குத்தான். நான் சங்கிலியக் கையில புடிச்சிக்கறேன், பயப்படாத. வெரல மடக்காத, உள்ளங்கையில வெச்சி நீட்டு. மோந்து பாக்குது, அசையாத. பேசாத.

யக்கா. துன்னுடுச்சிக்கா. பாரேன், உன் கைய நக்குது.

அழுவலக்கா, பொக கண்ணுல பட்டுடுச்சி. எப்டி துன்னுச்சின்னா கேக்கற? பொறக்கப் போற கொழந்தைக்கு விரிக்க பழம்பொடவ ஒண்ணு குடுன்னு உன்ன கேட்டு வாங்கினேனே. தொவைக்காத, அப்டியே குடுன்னு சொன்னேன், நீ கூட சிரிச்ச. அதக் கிழிச்சி அதுலதான் பிஸ்கோத்தெல்லாம் முடிஞ்சி முடிஞ்சி வெச்சேன். இத்தினி நாளா உன் வேர்வ வாசன இல்லாம மேஜரு ஒரு வில்ல துன்னல. இன்னிக்கு மாவுலயும் உன் கை, நீட்டினதும் உன் கை.

எழுந்திருக்காதக்கா, குந்து. முதலாளி மாடியிலேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தாரு. அன்னிக்கே எங்கிட்ட, உங்கைக்கு பதில் இன்னொரு கைய காட்டிட்டுப் போன்னாரு, காட்டிட்டேன். கேட்டுக்குப் போயி இன்னா பண்ணுவ, உன்ன வெளிய உடக் கூடாதுன்னு வீராசாமிக்கு சொல்லியாச்சி. வேலைய உட்டுட்டுப் போறேன்னு மொறைச்சிக்கினா, உங்க ஊரு தளவானூர் ஆளுங்க ஒருத்தரும் களத்துக்கு வர வேணாம்னுடுவாரு. உங்க தெருவே உன்ன வையும். எனக்கு வேற வழி தெரியலக்கா. உனக்கு புருசன் இல்ல, புள்ள இல்ல, வூட்ல காத்துக்கினு இருக்க ஆள் இல்ல. எனக்கு ஒருத்தி வாசல்ல நிக்கறா. அத யோசிச்சித்தான் உன்ன பாத்தேன். பாவந்தான். தெரிஞ்சேதான் பண்ணேன்.

இன்னாது?

உங்கம்மாவா? உங்கம்மா இன்னும் இருக்குதா? கண்ணு தெரியாதா. நீ போயிதான் கஞ்சி காச்சி ஊத்தணுமா. ஐயோ, நீ சொல்லவே இல்லியேக்கா. களத்துல ஒண்ணா குந்தி எத்தினி நாளு வெத்தல போட்டிருக்கறோம், ஒரு வார்த்த சொல்லலியே.

அழுவாதக்கா. என் முந்தானைய உடு. பக்கத்து வூட்ல யார்னா பாத்துக்குவாங்க, தளவானூர் ஆளுங்க பொழுதோட வூட்டுக்குப் போறப்ப அங்க சொல்லச் சொல்லிட்டுப் போறேன். உடுக்கா, பஸ்சுக்கு நேரமாவுது. இப்ப உட்டா எம் பொண்ணு மூஞ்சிய நான் பாக்க முடியாது. தணல் அவியாமப் பாத்துக்க, பொழுது சாயறப்போ திரும்ப கேக்கும். இன்னா, நான் சொல்றது கேக்குதா? நீயும் களத்துல ஒருத்திய பாத்து வெச்சிக்க. பழம்பொடவ கேட்டு வாங்கிக்க. யாரும் இல்லாதவளாப் பாரு. ஆனா நல்லா விசாரிச்சிக்கக்கா, நான் சரியா விசாரிக்கல.