ஓரியூர் மண்ணு

– அழுகைய நிப்பாட்டிட்டுச் சொல்லு லிண்டா. எது ஒடைஞ்சுபோச்சு?

– கேமராம்மா. ஏழு வருசமா நாங்க செஞ்ச கேமரா. போன வாரந்தான் கிரேன்ல தூக்கி டெலஸ்கோப்போட முதுகுல மாட்டுனோம்.

– போட்டோ அனுப்புனியே. எம்மவ லடாக் மலையில மாட்டுனதுன்னு அக்காள்மடம் ஊரு பூராவும் காட்டிட்டு வந்தேன்டி.

– மாட்டுனதும் குளுர வெச்சோம்மா. மைனஸ் இருநூறு டிகிரி.

– மீனுக்குப் போடுற ஐஸவிடவா?

– இதுக்கு முன்னால ஐஸு வெந்நிம்மா. அது மங்கலான நட்சத்திரத்தோட சூட்டப் பாக்குற கேமரா. தானே சூடா இருந்தா ஒண்ணும் தெரியாது. உள்ள பொட்டுக் காத்து இருக்கக் கூடாது. காத்து பூந்துருச்சு. பனி கட்டி, அதோட கண்ணு வெடிச்சுருச்சு. அந்தக் கண்ணு ஒண்ணே ஒண்ணுதாம்மா இருந்துச்சு.

– சேசுவே! வேற செய்ய முடியாதா?

– முடியாதும்மா. எல்லாம் போச்சு.

– ஓரியூர் மண்ணு துணியில முடிஞ்சு குடுத்தேனே மவளே. கடல்ல புதுப் போட்டு எறக்குறப்ப வெக்கிற மாதிரி இதுலயும் வையின்னேனே. வெச்சியா?

– வெச்சேன்.

– வெச்சுமாடி இப்பிடி ஆச்சு?

– அந்த மண்ணாலதாம்மா ஆச்சு.

– வாயக் கழுவுடி. புனிதரு ரத்தம் சிந்திச் செவந்த மண்ணு.

– சும்மா இரும்மா. கேமராவுக்கும் அதோட மூடிக்கும் நடுவுல ஒரு ரப்பர் வளையம் இருக்கு. மூடுறதுக்கு முந்தி முடிச்ச அவுத்து, வெளிப்பக்கமா ஒரு பொட்டு வெச்சேன். அதே கையொறையோட வளையத்த எடுத்துப் போட்டுட்டேன். ஒட்டுனது ஒரே ஒரு மண்ணு மணிதாம்மா.

– யாரும் பாத்தாகளா?

– இல்ல. இங்கன மண்ணெல்லாம் சாம்பக் கலரு. வளையத்துல செவப்பு மணி எப்பிடி வந்துச்சுன்னு கேக்குறாக. அந்த ரூமத் தொடைச்சது கோகிலா, நம்ம பக்கத்து உப்பூர்ப் பிள்ள. ஊருக்குப் போயிட்டு வந்த செருப்போட உள்ள வந்துட்டான்னு சொல்லி அவள வேலைய விட்டு நிறுத்திட்டாக.

– நீ வாயத் தொறந்துராத.

– அம்மா!

– ஒங்கய்யா போனதுக்கப்புறம் கருவாடு காயப்போட்டுத்தான் ஒன்னைய இஞ்சினியராக்குனேன். அவ வேற வேல தேடிக்கிருவா.

– அவ வாசல்லயே நின்னு, நான் நல்லாத்தான் தொடைச்சேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காம்மா. என்னால அவ மூஞ்சியப் பாக்க முடியல.

– அப்பிடித்தான் சொல்லுவாக. நம்ம போட்டச் செஞ்ச யோகேஸ்வரனும் சொன்னானே, என் வேலையில குத்தமில்லன்னு. தனுஷ்கோடிக்கு அங்கிட்டு மொத நாளே முங்கி ஒங்கய்யாவ முழுங்குன போட்டு, குத்தமில்லையாம்! கோயில் வாசல்ல வெச்சு மூஞ்சியிலயே காறித் துப்புனேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் அவங்கிட்ட வேல குடுக்கல. குடிச்சுக் குடிச்சே செத்தான்.

– அது எதுக்கும்மா இப்ப?

– ஒண்ணு கேக்குறேன். கீழ இருந்தப்ப காத்து போகலையா?

– போகலம்மா. சோதிச்சுப் பாத்துத்தான் தூக்குனோம். குளுந்ததும் ரப்பர் சுருங்கி, மண்ணு இருந்த எடத்துல வழி விட்டுருச்சு.

– கரையில சரியா இருந்து, கடலுக்குப் போனதும் விட்டுர்ற மாதிரியா?

– அப்பிடித்தான். எந்த அடைப்பா இருந்தாலும் நடுவுல மண்ணு மாட்டுனா பொருந்தாதும்மா. ஹலோ? அம்மா, லைன்ல இருக்கியா?

– இருக்கேன். நீ போயிச் சொல்லிரு லிண்டா. கோகிலா இல்ல, நாந்தான்னு இப்பவே போயிச் சொல்லிரு.

– இப்பத்தான வாயத் தொறக்காதன்ன?

– போட்டுல மழத்தண்ணி வடிய அடியில ஒரு ஓட்டை இருக்குமுல்ல. கடலு மொதல்ல தொடுற எடமாச்சேன்னு, ஒங்கய்யாவுக்குத் தெரியாம அந்த அடைப்பக் கழத்தி, ஓரியூர் மண்ண அதுக்குள்ளதான்டி வெச்சு மூடுனேன்.