சென்றியார் வீதி

— பதினஞ்சி பேரா? ஒரே துவக்கால பதினஞ்சி பேர மூத்தாப்பா சுட்டாரா? மாமா, இந்தப் பேச்ச நான் வாசிக்க மாட்டன். இத எழுதிட்டுக் கையக் கழுவினீங்களா நீங்க?

— டேய் ஸைனுலாப்தீன், மரியாதையாக் கதை. மவுத்தானவர் ஒனக்கு மூத்தாப்பா எண்டா எனக்குப் பெத்த வாப்பா. நாப்பதாம் நாள் கத்தத்தில வாப்பாவப் பத்தி மகன் நாலு சொல்லு பெருமையாச் சொல்லப்படாதா? விளங்குதா?

— பெருமையா? கோழி அறுக்கக்குள்ளயே கண்ண மூடிக்கிற மனிசன் மாமா அவர்! பதினஞ்சி பேராம், நெஞ்சில பாத்துச் சுட்டாராம், இரத்தம் ஆறா ஓடிச்சாம். எனக்கு அருவருப்பா வருது. ஸகியா, நீ ஒண்டு சொல்லு தங்கச்சி.

— என்ன உடுங்க காக்கா. அரச் சாக்கு வெங்காயம் உரிக்கக் கிடக்கு. கடிக்கிறதும் மாமாதான், கடி வாங்குறதும் நீங்கதான். எனக்கென்ன.

— சரி, நானே சொல்றன். மாமா, முதலாம் உலக யுத்தத்தில வெள்ளக்காரன்ட பட்டாளத்தோட மூத்தாப்பா போனது பஸராவுக்கு. அங்க எதிர்ல நிண்டது ஆரு? துருக்கிக்காரன்! கலிமாச் சொன்ன ஆக்கள். லெப்பை யாசீன் ஓதி முடிக்க, நான் எழும்பி நிண்டு, எங்கட மூத்தாப்பா பதினஞ்சி முஸ்லிமச் சுட்டவர் எண்டு வாசிக்கிறதா? அதுக்கு மேல ஊர் சனம் சோறு திங்கிறதா?

— அப்ப ஜேர்மன்காரன் எண்டு மாத்து. ஒரு சொல்லுத்தானே.

— த்தூ!

— ஆரு துப்பின? ஸைனு, நீயா?

— காக்கா இல்ல மாமா, நான்தான். வெங்காயத் தோல் வாயில போயிட்டு.

— காக்காக்கு எப்பவும் வக்காலத்து. கேளு மருமகன், வீணாக் கத்தாத. அஸர் தொழுகைக்குப் பொறகு கிராமச் சபைச் சேர்மன் ஹாஜியார் வாறார். முச்சந்தியில பலகைய நட்டு வெள்ளத் துணி போத்தி வெச்சாச்சி. 'சென்றியார் வீதி'. பெயின்ட் இன்னும் காயல்ல. துணியத் தொறந்த கையோட, நம்மட ஸகியாவ அவர்ர மகனுக்குக் கேக்கப் போறார். சென்றியார்ட பேத்தி எண்டுதான் கேக்கார், விளங்குதா? நீ செய்ய வேண்டிய வேல ஒண்டே ஒண்டு. வாப்பாட பெட்டிக்குள்ள கிடந்த அந்த இங்கிலீசுத் தாளத் தமிழாக்கி, என்ட பேச்சோட சேத்து வாசிக்கணும். அதுக்குத்தானே ஒன்ன மட்டக்களப்பில படிக்க உட்ட.

— தாள வாசிச்சிட்டன். அதான் கொமட்டுது.

— ராசாட முத்திர குத்தின தாள் ஒனக்குக் கொமட்டுதா?

— மூத்தாப்பா எந்தக் கொம்பனியில போனார்? சொல்லுங்க பாப்பம்.

— இதென்ன கேள்வி? சென்றிக் கொம்பனி. துவக்கோட காவல் நிண்டவர். நீ காணல்லயா? இஞ்ச ஆரு மவுத்தானாலும், மையத்த அடக்கிட்டு எல்லாரும் மையவாடியில இருந்து போயிருவாங்க. வாப்பா மட்டும் மம்பட்டியத் தோள்ல சாத்திக்கிட்டுக் கபுறுக்குக் கிட்ட கொஞ்ச நேரம் ஆடாம அசையாம நிப்பார். துவக்குப் பிடிச்ச பழக்கம். பொடியனுகள் 'சென்றி, சென்றி' எண்டு சிரிப்பானுகள்.

— ஸகியா, கத்திய வெச்சிட்டுக் கேளு. வெரல அறுத்துக்குவாய். இதுல எழுதிக் கிடக்கிறது சென்றி இல்ல. சனிட்டரி! சனிட்டரிக் கொம்பனி!

— அப்படியெண்டா என்ன காக்கா?

— கக்கூசு. பட்டாளத்துக்குக் கக்கூசுக் குழி வெட்டுறது, வாளி சுமக்கிறது, பினைல் தெளிக்கிறது, செத்த கோவேறு கழுதயக் கயிறு போட்டு இழுத்துப் புதைக்கிறது. அந்தக் கொம்பனி.

— அச்சடிச்சவன் பிழையா அடிச்சிரிப்பான்.

— மூணு இடத்திலயா மாமா? மூணு இடத்திலயும் ஒரே பிழையா?

— வெள்ளக்காரன் அவசரத்தில அடிச்சிரிப்பான், சண்ட நடக்கக்குள்ள அவனுக்கு எழுத்தா முக்கியம்?

— பொறுங்க ரெண்டு பேரும். பினைல்… காலையில மாமா பெட்டியத் தொறக்கக்குள்ள அந்த வாசம்தான் வந்த. மூத்தாப்பாட சாரனிலயும் எந்நேரமும் அந்த வாசம்தான். நான் கேப்பன், என்ன மூத்தாப்பா இது, ஆஸ்பத்திரி மாதிரி மணக்கீங்க எண்டு. சிரிப்பார்.

— சிரிச்சே மறைச்சிட்டார் மனிசன்.

— அப்ப அதுதானா காக்கா? பின்னால ஒழுங்கையில கக்கூசு வாளி எடுக்க வாற பத்திநாதர்! ஊரெல்லாம் 'டேய்' எண்டு கூப்பிடுற. மூத்தாப்பா மட்டும் 'வாங்க பத்திநாதர், இரிங்க' எண்டுவார். தன்ட கோப்பயில தேத்தண்ணி ஊத்திக் குடுப்பார். மறுகா அதே கோப்பயில தானும் குடிப்பார். எனக்குப் பாக்கவே அருவருப்பா இரிக்கும்.

— எனக்கும்தான்.

— நீங்க மூக்கத்தான் பொத்தின. நான் என்ன செஞ்சன் தெரியுமா? ஒருநாள் அந்தக் கோப்பயக் குச்சியால தூக்கி வேலிக்கு அங்கால எறிஞ்சன். 'சென்றியாருக்கு ஏன் இந்தக் கேடு' எண்டு சத்தமாவும் சொன்னன். மூத்தாப்பா எழும்பிப் போய், அதத் தேடி எடுத்து, மண்ணப் போட்டுத் தேச்சிக் கழுவிக் கொண்டந்து வெச்சார். ஒரு சொல்லு ஏசல்ல.

— அழாத புள்ள.

— வெங்காயம்.

— நான் மட்டும் என்னவாம்! மார்கழி வெள்ளத்தில மாடெல்லாம் ஊதி மிதந்திச்சே, மூக்குத் தாங்காம ஊரே கதவடச்சிட்டு இரிந்திச்சே. மூத்தாப்பா தனிய, ஒரு கடகம் சுண்ணாம்போட, இடுப்புத் தண்ணிக்குள்ள நிண்டு இழுத்துப் புதைச்சார். 'மனே, கயித்த மட்டும் பிடி' எண்டு என்னக் கேட்டார். நான் வேலிக்கு அங்கால நிண்டு ஓங்காளிச்சிச் சத்தி எடுத்தன். அவர் வீட்டுக்கு வந்தா கிட்டப் போகல்ல. அதோட வந்த காச்சல்தானே அவரக் கொண்டு போன.

— மெதுவாக் கதைங்க ரெண்டு பேரும்! இது கிடுகு வேலி. அடுத்த வளவில சமையல் ஆக்கள் இரிக்காங்க.

— மாமா, ஒங்கட முகம் ஏன் அப்படிப் போகுது? நான் சனிட்டரி எண்டு சொல்லக்குள்ள ஒங்களுக்கு ஆச்சரியமே வரல்ல. நீங்க தெரிஞ்சிதான் இரிக்கீங்க!

— என்ன தெரியும்? எனக்கு இங்கிலீசே தெரியா.

— மாமா. மூத்தாப்பா படுத்த கட்டிலப் பாத்துச் சொல்லுங்க.

— ஸகியா, நீயுமா? …அப்ப எனக்கு ஏழு வயசி. பள்ளிக்கூடத்தில ஒருத்தன் கேட்டான், ஒன்ட வாப்பா பட்டாளத்தில என்ன வேல செஞ்ச எண்டு. வாப்பா எனக்குச் சொல்லித் தந்த சொல்லு சனிட்டரிதான். அதுட கருத்தயும் சொல்லித் தந்தார், ஒளிக்கல்ல. என்ட வாயில சென்றி எண்டு வந்திட்டு.

— வந்ததா, வர வெச்சீங்களா?

— வர வெச்சன்! போதுமா? அண்டைக்கு அஸருக்கே ஊர் முழுக்கப் பரவிட்டு. பள்ளி வாசல்ல, பள்ளிய நடத்துற மரைக்கார், வாப்பாவ மறிச்சி, 'என்ன, நீங்க பட்டாளத்தில சென்றியாமே!' எண்டார். நான் வாப்பாட கையப் பிடிச்சிக்கிட்டு நிக்கன். எனக்கு ஒண்டுக்குப் போற மாதிரி வந்திட்டு. வாப்பா குனிஞ்சி என்ட முகத்தப் பாத்தார். ஒரு மாதிரிச் சிரிப்பு. மறுகா நிமிந்து, மரைக்காருக்கு ஒரு சலூட் அடிச்சி, 'ஓம்' எண்டார்.

— வீட்டுக்கு வந்து அடிக்கல்லயா?

— அடிக்கல்ல. ஏசல்ல. அதப் பத்திப் பொறகு கதைக்கவே இல்ல.

— முப்பது வருசம் மாமா! முப்பது வருசமா அவர் ஒங்கட பொய்யச் சுமந்திரிக்கார். அவர் பஸராவில சுமந்த வாளி இவ்வளவு நாத்தமா இரிந்திராது. இப்ப அது காணாதெண்டு பதினஞ்சி கொலயும் மேல ஏத்தப் பாக்கீங்க.

— சரிடா, நான் நாத்தம் பிடிச்சவன். நீ நல்லவன். நீ எழும்பி 'எங்கட மூத்தாப்பா கக்கூசுக்காரன்' எண்டு வாசி. சேர்மன் ஹாஜியார் சோத்தத் தொடாம எழும்பிப் போவார். அதோட இவ இந்த வெங்காயத்தோட இரிப்பா, ஆயுசுக்கும். தங்கச்சிட வாழ்க்க ஒனக்கு வெளயாட்டா?

— அதுதான் மாமா எனக்கும் நெஞ்சில முள்ளாக் குத்துது. இல்லாட்டி நான் இவ்வளவு நேரம் ஒங்களோட கதைச்சிக்கிட்டா நிப்பன்? பொய்ய வாசிச்சா மூத்தாப்பாட கபுறுக்கு நான் எப்படிப் போற? உண்மைய வாசிச்சா இவள்ர முகத்த எப்படிப் பாக்குற?

— காக்கா, அந்தத் தாள்ட மத்தப் பக்கம் என்ன எழுதிக் கிடக்கு?

— பாக்கல்ல. சனிட்டரி எண்டத வாசிச்சதுமே மடிச்சிட்டன்.

— அருவருப்பிலயா?

— …ஓம்.

— நான் கோப்பய எறிஞ்ச மாதிரி. தொறங்க காக்கா.

— பென்சில் எழுத்து. அழிஞ்சி போய்க் கிடக்கு. பொறு… 'தண்டனை' எண்டு கிடக்கு.

— அல்லாவே! களவா? மடி, மடி, அத மடி!

— மாமா, கைய எடுங்க, கிழிஞ்சிரும்! கேளுங்க. 'எதிரிப் படைட மையத்துகள ஒரே கிடங்கில கொட்டி மூடச் சொல்லிக் கட்டள. இந்த ஆள் கட்டளைய மீறி, ஒவ்வொரு மையத்துக்கும் தனிக் குழி வெட்டினான். முப்பத்தொரு குழி. எல்லாத்தயும் வலப்பக்கம் சாய்ச்சி, முகத்தத் தென்மேற்காத் திருப்பி வெச்சான். காரணம் தெரியாது.' அடுத்தாப்பில வெள்ளக்காரத் தொர ஒரு கேள்விக்குறி போட்டு வெச்சிரிக்கான்.

— தென்மேற்கு. காக்கா, பஸராவில இருந்து மக்கா எந்தப் பக்கம்?

— இஞ்ச இருந்து எண்டா மேற்கு. அங்க இருந்து எண்டா… உலகப் படத்தில… ஸகியா! கீழ வரும், இடப்பக்கம் கீழ. தென்மேற்கு!

— கிப்லா. மையத்த அந்தப் பக்கம் திருப்பித்தானே நாம அடக்குற. தொரைக்கு விளங்கல்ல.

— என்ட வாப்பா… தண்ணி இல்லாத மண்ணு அது. குளிப்பாட்டி இரிக்க ஏலா. மண்ணத் தொட்டுத் தயம்மும் செஞ்சி உட்டிரிப்பார், முப்பத்தொரு பேருக்கும். தனிய.

— அழுங்க மாமா. நாப்பது நாளா நீங்க அழல்ல.

— நான் அவர்ர கை செஞ்ச வேலய ஊர் காணாம மறைச்சனே புள்ள… ஸைனு, என்ன தண்டன குடுத்தானுகள்? அடிச்சானுகளா?

— வாசிக்கன், கலங்காதீங்க. எழுத்து தெரியல்ல, வெளிச்சத்துக்குப் பிடிக்கன்.

— முச்சந்தியில கார்ச் சத்தம் கேக்குது. சேர்மன் வந்திட்டார். காக்கா, ஒண்டு சொல்றன், மறிக்காதீங்க. மூக்கப் பொத்திக்கிட்டு எழும்பிப் போற மாப்பிள எனக்கு வேணா. நான் ஒருக்காக் கோப்பய எறிஞ்சது போதும். நீங்க அந்தத் தாள வாசிங்க.

— ஸகியா! மாமா! ரெண்டு பேரும் இஞ்ச வாங்க, இந்த வரியப் பாருங்க! 'தண்டனை ஏழு நாள். விடிஞ்சதில இருந்து பொழுது படுமட்டும், மம்பட்டியத் துவக்குப் போலத் தோள்ல சாத்திக்கிட்டு, அந்த முப்பத்தொரு குழிக்கும் முன்னால அசையாம நிக்கணும்.' கடைசியா, தொர தன்ட கையால எழுதின சொல்லு, சென்றி! எஸ், ஈ, என், ரீ… சென்றிதான் மாமா! அந்தக் கபுறுகளுக்கு மூத்தாப்பா சென்றி நிண்டிரிக்கார்! அண்டைக்கு மரைக்கார் கேக்கக்குள்ள அதுக்காகத்தானா சிரிச்சார், அதுக்காகத்தானா 'ஓம்' எண்டார்? இப்பச் சொல்லுங்க, அந்தத் துணிக்குக் கீழ பெயின்ட் காயாம இரிக்கிற அந்தப் பேரு மாமாட பொய்யா, மூத்தாப்பாட உண்மையா, நீங்க என்ன நினைக்கிறீங்க?