மூன்றாம் சாவடிக்கு மேல் பெயர் கிடையாது

மாலை ஐந்து நாற்பது. மூன்றாம் சாவடிக்கு மேலே போகிற ஒற்றையடிப் பாதை. இடது பக்கம் சவுக்கு மரங்கள், வலது பக்கம் பள்ளம். கீழே பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரம்தான். ஆனால் அந்த உயரத்துக்குச் சத்தம் ஏறாது... பனி மட்டும்தான் ஏறும்.

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இந்த மழை இப்போதைக்கு விடாது. சோயா தேம்பே பொரித்து வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சட்டை முதுகில் என்ன அச்சடித்திருக்கிறது? 'உன்னை நீ கண்டுபிடி'யா? நல்லது. அப்படியென்றால் இந்தக் கதை உங்களுக்குத்தான்.

நடந்தது என் கூட்டாளி தர்மோவின் அக்கா கணவர் சமிஜானுக்கு. இருபத்தாறு வருடமாக இந்த மலையில் வழிகாட்டி. இடது முழங்கால் தேய்ந்துபோய், இறங்கும்போது 'கடக்... கடக்...' என்று சத்தம் கேட்கும். அவர் மனைவி லாசியெம் அந்தச் சத்தம் சந்து முனையில் கேட்டதும் எழுந்து காபிக்குத் தண்ணீர் வைப்பாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஜகார்த்தாவிலிருந்து ஹெர்லாம்பாங் என்று ஒருவர் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தரை ஓடு விற்கும் கம்பெனி ஆட்கள். ஹெர்லாம்பாங்குக்கு வேலை என்னவென்றால், மனிதர்களை அவர்களுக்கே அறிமுகம் செய்து வைப்பது. சிரிக்காதீர்கள். அதற்கு அட்டையே அடித்து வைத்திருந்தார். நாற்பது வருடம் ஒரே உடம்புக்குள் குடியிருந்துவிட்டு, 'நான் யார்?' என்று கேட்டுக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, எங்கள் உருளைக்கிழங்கு வயலை மிதித்துக்கொண்டு வருகிறார்கள். இவர்கள் வீட்டில் கண்ணாடி கிடையாதா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மலை வாசல் பதிவேட்டில் எத்தனை பேர் என்று மட்டும் எழுதுவோம். பெயர் எழுத மாட்டோம். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் வாசலிலேயே ஒரு காய்கறிப் பெயர் வைத்துவிடுவோம், இறங்கும்வரை அதுதான் பெயர். மூன்றாம் சாவடிக்கு மேல் ஒருவரை ஒருவர் உண்மைப் பெயரால் கூப்பிடக் கூடாது. தன் பெயரைத் தானே சொல்லவும் கூடாது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பக் கூடாது. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கிற புத்தி இருந்திருந்தால் நாங்களும் ஜகார்த்தாவில் தரை ஓடு விற்றிருப்போம்.

ஹெர்லாம்பாங் வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சரி, எனக்கு என்ன பேரு?"

"பூசணிக்கா," என்றார் சமிஜான்.

"பூசணிக்காயா? நானா?" வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். பின்னால் ஏழு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "உங்க பேரு என்னண்ணே?"

"மேல போனா வெங்காயம்."

"இங்க பாருங்க வெங்காயண்ணே. இவங்க எல்லாரும் தன் பேர உரக்கச் சொல்றதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்திருக்காங்க. நீங்க என்னடான்னா சந்தைக்கடை போடறீங்க!"

சொல்லிவிட்டு ஒவ்வொருவர் நெஞ்சிலும் முழுப் பெயர் எழுதிய அட்டையைக் குத்தினார். அந்தக் கூட்டத்தில் கம்பெனிக் கிடங்கில் வேலை பார்க்கும் ரெத்னானி மட்டும், நாற்பத்தைந்து வயதுக்காரி, தன் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "கேரட்டா? சரிண்ணே. எங்கம்மா வச்ச பேர விட நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சமிஜானின் சொந்தப் பெயர் ஹெர்லாம்பாங்குக்குக் கடைசிவரை தெரியாது.

ஏறினார்கள். புதுச் சப்பாத்து ஹெர்லாம்பாங்கின் குதிகாலைக் கடித்தது. மற்றவர்கள் கால் வலி என்று சொன்னபோது, "வலிதான் உங்க வாத்தியார், அதுகிட்ட பேசுங்க," என்றவர், தனக்கு வலித்ததும் பாறையில் உட்கார்ந்து தைலம் தேய்க்கச் சொன்னார். அப்புறம் நொண்டிக்கொண்டே வந்தார். நொண்டிக்கொண்டே பிரசங்கமும் செய்தார். உங்களுக்குள்ளே இன்னொரு நீங்கள் தூங்குகிறார், அவரைத் தட்டி எழுப்ப வேண்டும்... இப்படி. தூங்குகிறவரைத் தூங்க விட்டால் என்ன? யாருக்கு என்ன நஷ்டம்?

சரியாக ஐந்து நாற்பதுக்கு, மூன்றாம் சாவடி தாண்டி, எல்லோரையும் பள்ளத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார். அவரவர் பெயரை அவரவரே மூன்று தடவை கத்த வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுதான் பயிற்சியாம்.

சமிஜான் ஓடி வந்து குறுக்கே நின்றார். "ஐயா, வேணாம். இங்க வேணாம், இந்த நேரத்துல வேணவே வேணாம். கீழ வாங்க, எங்க வயல்ல நின்னு நூறு தடவ கத்துங்க. நானும் கூடச் சேந்து கத்தறேன்."

"பயம் உங்களோடது வெங்காயண்ணே. அத எங்க தலையில கட்டாதீங்க."

கைதட்டினார்கள். கைதட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள்.

கத்தினார்கள். ஒவ்வொரு பெயரும் பள்ளத்துக்குள் போய், எதிர்ப் பாறையில் மோதி, திரும்பி வந்தது. வெறும் எதிரொலி. அதற்கே அழுதார்கள். மூக்கைச் சிந்தி, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து... பார்க்கச் சகிக்கவில்லை என்று சமிஜான் பிறகு சொன்னார். ரெத்னானி மட்டும் கத்தவில்லை.

"என்னப் பத்தி எனக்குத் தெரியும் சார். காலு வலிக்குது, பசிக்குது. அவ்வளவுதான் நான்."

கடைசியாக ஹெர்லாம்பாங். கைகளை விரித்தார். மூச்சை இழுத்தார்.

அவர் வாயைத் திறக்கவில்லை... அதற்கு முன்பே பள்ளத்திலிருந்து வந்துவிட்டது.

'ஹெர்லாம்பாங்...'

அவருடைய குரல்தான். ஆனால் அவசரமில்லாத குரல். பந்தியில் பக்கத்து இலையைப் பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிடுவது மாதிரி. கூடவே ஒரு வாசனை, சுட்ட மரவள்ளிக் கிழங்கு வாசனை. அந்த உயரத்தில் மரவள்ளியும் கிடையாது, அடுப்பும் கிடையாது.

சமிஜானின் கை முடியெல்லாம் நின்றுவிட்டது. ஹெர்லாம்பாங்குக்கோ முகம் முழுக்கச் சிரிப்பு. "கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்கள்ல? இதோ... வர்றேன்!"

நொண்டிக்கொண்டே சரிவில் இறங்கினார். சமிஜான் பாய்ந்து பிடித்தார். கையில் பை மட்டும் மிஞ்சியது.

பனி மூடியது. மழை பிடித்தது. சவுக்கு இலைகளில் 'உஸ்ஸ்...' என்று ஒரே சத்தம். எட்டு பேரும், சமிஜானையும் சேர்த்துத்தான், தொப்பலாக நனைந்து நின்றார்கள். பத்து நிமிடம் இருக்கும்.

பிறகு ஹெர்லாம்பாங் ஏறி வந்தார். நொண்டவில்லை. "போலாம்," என்றார். அவ்வளவுதான். பிரசங்கம் இல்லை.

ரெத்னானி சமிஜானின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே... அவரு தலை நனையல."

சமிஜானும் பார்த்தார். ஆனால் என்ன செய்வது? எண்ணினார். ஏறியது எட்டு, இங்கே நிற்பதும் எட்டு. ஒன்பதாவதாக ஒருவரைத் தேடப் போகிறேன் என்று யாரிடம் சொல்வார்? நடையைக் கட்டினார். சாவடியை நெருங்கும்போது பின்னால், ரொம்பத் தூரத்தில், ஒரு தடவை கேட்டது. 'வெங்காயண்ணே!' அவர் திரும்பவில்லை. வாசலுக்கு வந்து, 'எட்டு பேர் ஏறினர், எட்டு பேர் இறங்கினர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து ஜகார்த்தாவிலிருந்து ஒரு பெரிய பழக்கூடை வந்தது. அனுப்பியது ஹெர்லாம்பாங்கின் மனைவி. உள்ளே ஒரு சீட்டு. 'உங்கள் மலைக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. என் கணவர் இப்போதெல்லாம் யாரிடமும் எரிந்து விழுவதில்லை. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிடுகிறார். இரவில் தூங்குவதே இல்லை. விடிய விடியப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு பாசம்.'

கம்பெனிக்காரர்களுக்கும் அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்றாம். ஒருத்தருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒரு மனிதன் தொலைந்துபோய், வீடும் ஊரும் சேர்ந்து 'இப்போதுதான் நன்றாக இருக்கிறான்' என்று சொன்னால், அவன் அதுவரை வாழ்ந்ததெல்லாம் என்ன பிழைப்பு! காறித் துப்பலாம் போலிருக்கிறது எனக்கு.

ஆனால் சமிஜானுக்குச் சிரிப்பு வரவில்லை. பழத்தை அவர் தொடவில்லை, கூடையோடு அழுகிப்போயிற்று. ஏனென்றால் அந்தக் குரல் நிற்கவில்லை. மாலை அதே நேரத்தில் மலைமேல் போனால் கேட்கும். 'வெங்காயண்ணே... குளிருது அண்ணே... நான் இங்கதான் இருக்கேன்...' வருடக் கணக்காகக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடந்தார். பஞ்சையும் தாண்டிக் கேட்டது.

"எட்டு பேருன்னு கையெழுத்துப் போட்டேன் தர்மோ," என்றார் ஒரு நாள். சோறு அப்படியே இருந்தது. "ஏழுதான் எறங்குச்சு. ஒரு மனுஷன மேலயே விட்டுட்டு வந்துட்டேன்."

"அது மனுஷன்தான்னு யாரு கண்டா அத்தான்?"

"வெங்காயம்னு கூப்பிடுது. அந்தப் பேரத்தான் அந்தாளுக்குத் தெரியும். வேற ஏதாச்சும்னா அதுக்கு எப்படித் தெரியும்?"

 

போன மாதம் இரண்டு பேருமாக முப்பது முழக் கயிற்றோடு போனார்கள். அதே ஐந்து நாற்பது. அதே இடம். கயிற்றின் ஒரு முனையைச் சவுக்கில் கட்டி, மறுமுனையைப் பள்ளத்தில் விட்டார் சமிஜான்.

"பூசணிக்கா! கயித்தப் புடி!"

பிறகு, கிட்டத்திலேயே...

'எட்டல வெங்காயண்ணே... வெங்காயம்னு சொன்னா நான் எதப் புடிச்சு ஏறறது? உங்க பேரச் சொல்லுங்க அண்ணே. அதப் புடிச்சு வந்துருவேன்.'

அழுகிற குரல். சின்னப் பிள்ளை அழுவது போல மூக்கை உறிஞ்சி உறிஞ்சி.

"அத்தான், வேணாம்! சொல்லிராதீங்க!" தர்மோ அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை. இருபத்தாறு வருடம். இந்த மலையில் எதைச் செய்யக் கூடாது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சப்பாத்துக் கடித்த ஒரு வாயாடிக்காக, அவன் மனைவியே தேடாத ஒருவனுக்காக...

"சமிஜான்," என்றார். "என் பேரு சமிஜான். ஏறி வாய்யா."

கயிறு விண்ணென்று இறுகியது. சவுக்கு மரம் முனகியது. "கை தெரியுது தர்மோ!" என்று கத்திக்கொண்டே கயிற்றைப் பிடித்துச் சரிவில் இறங்கினார். பனி அவரை மூடியது. மழை பிடித்தது.

பத்து நிமிடம்.

சமிஜான் ஏறி வந்தார். தனியாகத்தான். "யாருமில்ல. போலாம்."

சொட்டச் சொட்ட நனைந்திருந்த தர்மோ, அவர் தலையைப் பார்க்கத் தைரியமில்லாமல் பின்னாலேயே இறங்கினான். அடிக்கு அடி காதைத் தீட்டிக்கொண்டு வந்தான். வாசல் வரை ஒரு 'கடக்' கூடக் கேட்கவில்லை.

தர்மோ அடுத்த வாரமே சுமத்ராவுக்குப் போய்விட்டான். லாசியெம்முக்கு ஏக சந்தோஷம். "இப்பதான் எம் புருஷன் ஒரு வழிக்கு வந்திருக்காரு, தண்ணிகூட அவரே எடுத்தாறாரு," என்கிறாள். ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. அவர் வருவதே தெரிவதில்லையாம். நிமிர்ந்து பார்த்தால் கதவோரம் நிற்கிறாராம்.

அதற்கு மேல் எனக்குத் தெரியாது. காய்கறிப் பெயர் வைக்கும் வழக்கத்தையும் இந்த மாதம் விட்டாயிற்று. பழைய மூடப் பழக்கமெல்லாம் எதற்கு என்று சமிஜானே சொல்லிவிட்டார். நாளைக்கு உங்களை மேலே கூட்டிக்கொண்டு போகப் போகிறவர் அவர்தான். சாயங்காலம் வாசலில் உங்கள் பைகளை வாங்கி வைத்தாரே... சிரித்த முகம், மழையில் நின்றும் தலை கலையாமல்.

உங்கள் பெயரைக் கேட்டிருப்பாரே, ஒவ்வொருவராக.

முழுப் பெயரையுமா சொன்னீர்கள்?