பழக்கம் உண்டா?

— உக்காரும் சாமி. போறதுன்னா ரெண்டு பேருமா போவோம். மொதல்ல உமக்கு மூச்சு அடங்கட்டும்.

— எனக்கு ஒண்ணும் மூச்சு வாங்கலை, ஓய் ஞானையா. மாடியேறினா யாருக்கும் சித்த இரைக்கத்தான் செய்யும்.

— லிப்டுலதான வே வந்தோம்.

— சரி, லிப்டுல வந்தோம். அதுக்கென்ன இப்போ? அந்தச் சிஸ்டர் கேக்கறதைக் கேட்டீரா? அத்தனை பேர் காதுலயும் விழற மாதிரி, ‘பழக்கம் உண்டா, பழக்கம் உண்டா’ன்னு. இந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார என்னமோ போல இருக்கு.

— எல்லாரையுந்தான் கேக்குது. நெஞ்சு டாக்டர்ட்ட வந்தா வேற என்னத்தக் கேப்பாக?

— அந்தக் காக்கிச் சட்டை ஆட்டோக்காரர் என்ன சொன்னார்? ‘முன்னாடி இருந்துச்சும்மா, இப்ப விட்டாச்சு.’ அவருக்கு முன்னாடி போன பெரியவரும் அதே பதில். அத்தனை பேரும் விட்டாச்சாம். சட்டைப் பையில தீப்பெட்டி துருத்திண்டு தெரியறது.

— பயம் சாமி. உள்ளதச் சொன்னா மருந்து தர மாட்டாகளோன்னு நெனைக்கான். பாவம்.

— தரப்படாதுன்னு ஆயுசு பூரா பேசினவன் நான். தெரிஞ்சே கிணத்துல குதிக்கறவனுக்கு ஊர்ப்பணத்துல கயிறு எதுக்குன்னு. இப்ப அவா கூடவே ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்.

— கெணத்துல கெடக்கவன்ட்ட, ‘நீ விழுந்தியா, குதிச்சியா’ன்னு வெவரம் கேட்டுட்டா கயிறு போடுவீரு? மொதல்ல தூக்கும் வே. கரையில வச்சுத் திட்டிக்கிடலாம்.

— கணக்குன்னு ஒண்ணு இருக்கோல்லியோ? ஒரு பச்சைக் குழந்தை மருந்து இல்லைன்னு திரும்பிப் போறது. பாக்கெட் பாக்கெட்டா ஊதித் தள்ளினவனுக்குப் படுக்கை. இது நியாயமா?

— குழந்தைக்கு மருந்து இல்லன்னா மருந்து வாங்கச் சொல்லும். எங்கள எதுக்குப் படுக்கைய விட்டு எறக்குதீரு? சிகரெட்டுக்கு மேல போட்ட வரியில நான் கட்டுனதுக்கே இங்க ஒரு வார்டுக்கு என் பேரு வைக்கணும்.

— வாய் மட்டும் குறையலை.

— உம்ம சக்கரை மாத்திரைய எங்க வாங்குதீரு? மாடம்பாக்கத்துல, சர்க்கார் சுகாதார நிலையத்துலதான? கோயிலுக்குப் போயிட்டு வாறப்ப ஜாங்கிரி ஜாங்கிரியா வாங்கித் தின்னீரே, நானா உம்ம வாயில ஊட்டுனேன்?

— அது பரம்பரை.

— ஜாங்கிரியா?

— சர்க்கரை, ஓய்! என்னைச் சிரிக்க வைக்காதேயும். சிரிச்சா இருமல் வரது... பாரும், வந்துடுத்து.

— இந்தாரும், தண்ணி. மெதுவா. மெதுவாக் குடியும்.

— போறும். போறும்.

— இங்க பாரும் சாமி. உமக்கு எதுக்கு வெக்கம்? உமக்குத்தான் ஒரு பழக்கமும் கெடையாதே. சிகரெட்ட கையால தொட்டதில்ல. நீரு பேசுன சட்டப்படி பார்த்தாக்கூட உமக்கு இங்க எடம் உண்டு.

— யார் நம்பறா? நுரையீரல்ல கட்டின்னு தெரிஞ்சதும் எதிராத்து மாமி என் ஆத்துக்காரி ரமாகிட்டயே கேட்டாளாம், ‘மாமா ரகசியமா சிகரெட் குடிப்பாரோ’ன்னு. ரமா பதிலே பேசலை. சமையல் ரூமுக்குள்ள போய் அழுதிருக்கா. இத்தனை வருஷம் நான் அடுத்தவாளை அப்படித்தானே பார்த்தேன்? வியாதின்னு கேட்டதும், என்ன தப்புப் பண்ணினான்னு முதல்ல தேடறது. இப்ப என்னையே ஊர் தேடறது.

— விடும்.

— விடத்தான் முடியலை. உமக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சுப் படுத்திண்டிருந்தப்போ நான் பார்க்க வந்தேனே, ஞாபகம் இருக்கா?

— ஆரஞ்சுப் பழம் கொண்டாந்தீரு.

— பழத்தைக் கேக்கலை. என்ன சொன்னேன்?

— அது எதுக்கு இப்ப?

— சொல்லும்.

— ‘ஊர் வரிப்பணத்துல பஞ்சர் ஒட்டிண்டீரே ஓய்’னு சொன்னீரு. தமாசுக்குத்தான.

— தமாஷ். நீர் சிரிச்சீர். உம்ம ஆத்துக்காரி ஹில்டா சிரிக்கலை. அவ முகத்தைப் பார்த்துட்டாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. ‘நான் ஊதலை, நான் எதுக்குய்யா கட்டணும்’னு மேல ஒரு வார்த்தை வேற. செத்துப் பிழைச்சு வந்தவன்கிட்ட பேசற பேச்சா அது? அன்னிலேர்ந்து ஆறு வருஷம். ராஜகீழ்ப்பாக்கத்துல உம்மாத்து வாசல் வரைக்கும் எத்தனை தடவை வந்திருக்கேன். அவ ஒரு வாய் காபி சாப்பிடுங்கோன்னு சொன்னதில்லை. சொல்லாததுல தப்பே இல்லை.

— நான் கொண்டாந்த அந்தப் பையில என்ன இருக்குன்னு நெனைக்கீரு?

— உம்ம மாத்திரை.

— இடியாப்பமும் தேங்காப்பால் சொதியும். உமக்குக் காரம் ஆகாதுன்னு சொதியில மெளகாகூடப் போடாம, காலம்பற எந்திரிச்சுக் கட்டிக் குடுத்திருக்கா.

— ஹில்டாவா? என்கிட்ட பேசறதே இல்லையே.

— பேச மாட்டேன்னுதான் சொன்னா. பட்டினி போடுவேன்னு சொல்லலியே. கண்ணைத் தொடையும் வே. அந்த ஆட்டோக்காரரு பாக்காரு.

— பார்க்கட்டும்.

— சாமி, எனக்கும் ஒண்ணு சொல்லணும். சொல்லலன்னா எனக்கு மறுபடி நெஞ்சு வெடிச்சிரும். போன மாசம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில டாக்டர் ஜெயகிருஷ்ணன் உம்மட்ட ஒண்ணு கேட்டாரே. வீட்டுலயோ வேலை பார்த்த எடத்துலயோ யாராச்சும் பக்கத்துல ஊதுவாகளான்னு.

— கேட்டார்.

— நீரு பட்டுனு இல்லன்னீரு. நான் உமக்குப் பின்னாலதான் நின்னேன்.

— அதுக்கு?

— நம்ம கிண்டி கம்பெனி அக்கவுண்ட்ஸ் ரூமுக்கு ஒரே ஒரு சன்னல். ஏசி போகுதுன்னு அதையும் சாத்தி வச்சிருப்பாக. உம்ம மேசை, எதுத்தாப்புல என் மேசை. அங்க ஊதக் கூடாதுன்னு சட்டம் வந்தப்புறம், தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ராஜாராமன் டீக்கடைச் சந்து. காலையிலயும் சாயங்காலமும். நான் விட்டதுல பாதி உம்ம நெஞ்சுக்குள்ளதான் வே போயிருக்கு. நான் நல்லாயிட்டேன். ஊதாத நீரு இங்க உக்காந்திருக்கீரு. கர்த்தர் இதுக்கு என்னைய என்ன கேப்பாருன்னு நெனைச்சா எனக்குத் தூக்கம் வரல.

— எந்தப் புகைன்னு யார் கண்டா? ஜி.எஸ்.டி. ரோட்டுல ஓடாத லாரியா? புகையே படாதவாளுக்கும் வரதுன்னு டாக்டரே சொன்னார். நீர் மேல போட்டுக்காதேயும்.

— அவரு அப்படியும் சொன்னாரு, இப்படியும் இருக்கலாம்னும் சொன்னாரு. எனக்குத் தெரியும்.

— ஒண்ணும் தெரியாது உமக்கு.

— அப்ப இதுக்குப் பதில் சொல்லும். ரமாம்மா தெனம் உம்ம சட்டைய மோந்து பார்த்துட்டுத் திட்டுவாகன்னு நீரே சொல்லுவீரு. அந்தச் சந்துக்குள்ள எதுக்கு வே வந்தீரு? தள்ளி நின்னிருக்கலாம்ல?

— டீ குடிக்க வந்தேன்.

— நீரு டீ குடிக்க மாட்டீரு சாமி. அந்தக் கடையில காபி கெடையாது. சொல்லும்.

— சும்மா இரும். நம்பர் கூப்பிடறா போல.

— அது வேற யாரோ. சரி, நான் முடிவு பண்ணிட்டேன். அந்தச் சிஸ்டர் பிள்ள கேக்கும்போது நானே சொல்லிருதேன். ‘இவருக்கு ஒரு பழக்கமும் கெடையாது, பக்கத்துல நின்னு ஊதுன பாவி நான்தான்’னு. எல்லார் காதுலயும் விழட்டும். உம்மள யாரும் தப்பா நெனைக்க மாட்டாக.

— வாயைத் திறக்கப்படாது. சொல்லிட்டேன்.

— ஏன்?

— நான் யோக்கியன்னு காட்டிக்க உம்மைக் குத்தவாளியா நிறுத்தணுமா? ஆறு வருஷம் முன்னாடி அதைத்தான் பண்ணினேன். இன்னொரு தரம் பண்ண மாட்டேன். அதுக்கு நான் ஆத்துக்கே போயிடறேன். எனக்கு இந்த வைத்தியமே வேண்டாம்.

— அய்யய்ய, உக்காரும். நான் பேசல. கர்த்தர் மேல ஆணையா பேசல. வைத்தியம் வேண்டாம்னு மட்டும் சொல்லாதேயும்.

— ஸ்ரீரங்கன்! யாருங்க ஸ்ரீரங்கன்?

— நான்தாம்மா.

— வாங்க சார், இந்த ஸ்டூல்ல உக்காருங்க. பாத்து, மெதுவா. ஸ்கேன் எடுத்துனு வந்திருக்கீங்களா?

— இதோ இருக்கும்மா.

— பக்கத்துல நிக்கிறவரு யாரு? உங்க அண்ணனா?

— கூட வேலை பார்த்தவர்.

— சரி. சுகர் இருக்கா?

— இருக்கு. மாத்திரை சாப்பிடறேன்.

— பிரஷர்?

— இல்லைம்மா.

— பழக்கம்? பீடி, சிகரெட், தண்ணி, பாக்கு, ஏதாவது பழக்கம் உண்டா?

— சிஸ்டர், அவருக்கு வந்து...

— ஓய். கேள்வி என்னைக் கேட்டது.

— தயங்காம சொல்லுங்க சார். இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. அதுக்காக இங்க யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்.

— எல்லாருக்கும் பார்ப்பேளா?

— எல்லாருக்கும்தான் சார். அதுக்குத்தான உக்காந்துனு இருக்கோம். சொல்லுங்க, உண்டா?

— உண்டும்மா. ஒரே ஒரு பழக்கம். இதோ நிக்கறாரே, இவரோட பழக்கம். ஆத்துக்காரிகூட எவ்வளவோ சொல்லிப் பார்த்தா, இன்னிவரைக்கும் விட முடியலை.